பற்றைக்காட்டில் மரை: கருவித்தெரிவு பற்றிய ஓர் அறவிசாரணை

மனிதச் செயல்களின் நன்மை தீமைகளை ஆராய்ந்த அறநூலார் பெரும்பாலும் இரண்டினையே கருத்திற் கொண்டனர். ஒன்று செயலின் நோக்கம். மற்றையது அதன் விளைவு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது கருவி. நோக்கத்தை விளைவாக்குவது அதுவேயாயினும், கருவியைத் தெரிவு செய்தல் தொழில் தெரிந்தோரின் வேலையென ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. எந்தக் கத்தி, எந்த மருந்து, எந்தத் துவக்கு எனும் வினாக்கள் கடைத்தெருவுக்குரியன; அறமன்றத்துக்குரியன அல்ல என்பது பொதுவான எண்ணமாகும். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை வேட்டைத்துறையிலுள்ள ஒரு சிறிய வினாவைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அடர்ந்த பற்றைக்காட்டினுள் மரையை வேட்டையாடுவதற்கு ஏற்ற துப்பாக்கி யாது? அதன் குழல்விட்டம் எவ்வளவாக இருத்தல் வேண்டும்? முற்றிலும் தொழில்நுட்பம் சார்ந்ததாகத் தோன்றும் இவ்வினாவினுள் ஆழ்ந்த அறப்பிரச்சினையொன்று மறைந்துள்ளது.

பெயரும் விலங்கும்

ஆங்கிலத்தில் 'எல்க்' எனும் சொல் ஒரே விலங்கைக் குறிப்பதன்று. ஐரோப்பாவில் அது ஒரு விலங்கையும், வட அமெரிக்காவில் வேறொரு பெருமானையும் குறிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் இங்குள்ள மரையைக் கண்டு அதற்கும் அப்பெயரையே சூட்டினர். கலை 200 கிலோகிராமுக்கு மேலும் எடைகொள்ளும். உடல் கருங்கபில நிறமானது. கூட்டமாக வெளியில் மேய்வதினும் அடர்ந்த மறைவில் தனித்தோ சிறு தொகையினவாகவோ ஒதுங்கி வாழ்வதே அதன் இயல்பு. சங்கப் பாடல்களிலும் மரை குறிஞ்சிக் காட்சிகளில் இடம்பெறுகின்றது. கிழக்கிலும் வன்னியிலும் மரைவற்றல் எனும் சொல்லை அறியாத முதியோர் அரியர்.

திருகோணமலைக்கும் இவ்விலங்கினத்துக்கும் பெயரளவிலான ஒரு தொடர்பும் உண்டு. பழைய நூல்கள் இத்துறையைக் கோகர்ணம் எனவும், பாலியிற் கோகண்ண எனவும் குறிப்பிடுகின்றன. பசுவின் செவி எனப் பொருள்தரும் அதே சொல் பெரிய மானினமொன்றையும் குறிக்கும். இவ்வொற்றுமையிலிருந்து வரலாற்று முடிபு எதனையும் பெறவேண்டுவதில்லை. எனினும் துறைமுகப் பட்டினத்தின் பின்னே காடு எத்துணை அண்மையில் உள்ளது என்பதனை நினைவூட்ட அது போதும். துறைமுகத்தை அண்டிய அன்புவழிபுரம் போன்ற ஊர்களைக் கடந்து உள்நாட்டை நோக்கிச் செல்வோர் விரைவில் வறள்வலயத்தின் பற்றைக்காட்டைக் காண்பர். பாலையும் வீரையும் மேலெழுந்து நிற்க, காரையும் சூரையும் கீழே முட்களாற் பின்னிக் கிடக்கும். அத்தகைய இடத்திற் பத்துப் பாகத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு பெரிய விலங்கு கூட முழு உருவாகத் தெரிவதில்லை. ஒரு செவியின் அசைவு, ஒரு தோட்பட்டையின் நிழல், காய்ந்த சருகின் ஒலி ஆகியனவே தெரியும்.

இன்று இலங்கையில் மரையை வேட்டையாடுதல் சட்டத்துக்கு முரணானது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் அதனைக் காக்கின்றன. அவ்வாறாயின் இவ்வினாவை எழுப்புவதாற் பயன் யாதென ஒருவர் கேட்கலாம். சட்டம் செயலைத் தடுக்கலாம். செயலுக்குப் பின்னுள்ள மனப்பாங்கை அது தொடுவதில்லை. அம்மனப்பாங்கு வேட்டைக்கு வெளியேயும் வாழ்கின்றது என்பது பின்னர்ப் புலப்படும்.

குழல்விட்டம் பற்றிய வாதம்

எத்துணைப் பெரிய குண்டு வேண்டும் எனும் வாதம் பழையது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர் பெருங்குழற் கட்சியின் தலைசிறந்த பிரதிநிதியாவார். 1840ஆம் ஆண்டில் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் எனும் துப்பாக்கி வினைஞரைக் கொண்டு தமது சொந்தத் திட்டப்படி அவர் செய்வித்த றைபிள் ஏறத்தாழ 9.5 கிலோகிராம் எடையுடையது. மூன்று அவுன்சு, அதாவது ஏறத்தாழ 85 கிராம் எடையுள்ள ஈயக்குண்டைச் செலுத்துவது. தாழ்நிலக் காடுகளில் யானைக்கெதிராக அவர் இத்தகைய கருவிகளையே நம்பினார். ஆயின் மலைநாட்டு மரையை வேட்டையாடும்பொழுது அவர் துப்பாக்கியைப் பெரும்பாலும் கைவிட்டார் என்பது கவனித்தற்குரியது. நுவரெலியாவின் அடர்காட்டில் மரையைக் கண்ணாற் கண்டு சுடுதல் அரிதென உணர்ந்த அவர், வேட்டைநாய்களால் அதனைத் துரத்தி, நீரோடைகளில் அது எதிர்த்து நின்றபொழுது கத்தியாற் கொன்றார். அக்காலத்தின் மிகப் பெரிய துப்பாக்கியை உடையவரே பற்றைக்காட்டின் முன் துப்பாக்கியின் எல்லையை ஒப்புக்கொண்டார் எனலாம். நாய்கள் மரையைக் களைப்பித்துக் கொல்லும் முறை இரக்கமுடையதென எவரும் கூறார். பேக்கரின் செயல் இங்கே போற்றப்படவில்லை. அது தரும் சான்று மாத்திரமே எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

எதிர்க்கட்சியின் பிரதிநிதியாக ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பெல் என்பவரைக் கூறலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்காவில் தந்தத்தின் பொருட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட அவர், அவற்றுட் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர்ச் சிறுகுழல் றைபிள்களினாலேயே வீழ்த்தினார். குண்டின் எடை ஏறத்தாழ 11 கிராம். பேக்கரின் குண்டோடு ஒப்பிடின் எட்டிலொன்றுக்குக் கிட்டியது. யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை அமைந்த இடத்தைக் கற்றறிந்தவர் அவர். குண்டு எவ்வளவு பெரிது என்பதன்று, அது எங்கே செல்கின்றது என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்பது அவர் கண்ட பாடம். ஆயினும் பெல்லின் வாழ்வு மற்றொரு பாடத்தையும் புகட்டுகின்றது. துல்லியம் ஒரு திறன். அது தன்னளவில் அறமாகாது. வலியின்றிக் கொல்ல அறிந்தமை, அத்தனை யானைகளைத் தந்தத்தின் பொருட்டுக் கொல்வதற்கு நியாயமாகிவிடாது.

கிளையும் குண்டும்

இவ்வாதத்தின் நடுவே பற்றைக்காட்டு வேட்டையாளரிடையே ஒரு நம்பிக்கை தோன்றி நிலைத்தது. இலேசான விரைந்த குண்டு சிறு கிளையிற் பட்டாலும் திசைமாறும்; பாரமான மெதுவான குண்டோ இலைகளையும் சுள்ளிகளையும் தள்ளிக்கொண்டு நேரே செல்லும் என்பதே அந்நம்பிக்கை. அமெரிக்காவில் இதற்கென்றே 'பற்றைத் துவக்கு' எனும் பெயருடன் ஒருவகைத் துப்பாக்கிகள் பேசப்பட்டன.

பௌதிகவியலின் துணைகொண்டு இதனை நோக்குக. 1906ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட 0.30 அங்குலத் தோட்டாவின் 11.7 கிராம் குண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 820 மீற்றர் வேகத்துடன் புறப்படுமாயின் அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 3,900 யூல் ஆகும். 1873ஆம் ஆண்டின் 0.45 அங்குலத் தோட்டாவின் 26 கிராம் குண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 405 மீற்றர் வேகத்துடன் செல்லின் அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 2,100 யூல் மாத்திரமே. ஆனால் உந்தத்தைக் கணித்தால் பின்னையதே சற்று மிகும். சக்தியைக் கொண்டு வாதிடுவோரும் உந்தத்தைக் கொண்டு வாதிடுவோரும் தத்தம் கட்சிக்கு எண்களைக் காட்டவல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் மரச்சட்டங்களையும் உயிர்க்கிளைகளையும் இடையே நிறுத்திப் பலரும் பலமுறை செய்த சோதனைகள் இரு கட்சியினரையும் ஏமாற்றின. சுழன்று செல்லும் குண்டின் நுனியில் ஒருபுறமாகத் தடை படும்பொழுது அது நிலைகுலைகின்றது; சிறியதாயினும் பெரியதாயினும் குண்டு வழிவிலகுகின்றது. வேறுபாடு அளவிலேயன்றி இயல்பில் இல்லை. ஒரு குண்டு கிளையிற் பட்டு இரண்டு பாகை விலகியதெனக் கொள்க. விலங்கு அக்கிளைக்கு இரண்டு மீற்றர் பின்னே நின்றால் குண்டு 7 சதமமீற்றரளவு தவறும். இருபது மீற்றர் பின்னே நின்றால் 70 சதமமீற்றரளவு தவறும். நெஞ்சை நோக்கிய குண்டு வயிற்றைக் கிழிக்கும். அல்லது தாடையை உடைக்கும். அல்லது காலை முறிக்கும். அவ்வாறு காயமுற்ற மரை உடனே வீழ்வதில்லை. அது ஓடும், முட்களுள் மறையும், மணிக்கணக்காகவோ நாட்கணக்காகவோ வேதனையுற்று இறக்கும். சுட்டவன் பெரும்பாலும் அதனை அறிவதேயில்லை. குண்டு தவறியதென எண்ணி வீடு திரும்புவான்.

ஒரே தோட்டாவிற் பல பெருங்குண்டுகளைச் செலுத்தும் வேட்டைத்துவக்கும் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. பல குண்டுகளுள் ஒன்றேனும் படும் எனும் நம்பிக்கை, எது எங்கே படும் என்பதனை அறியாமையின் மறுபெயரேயாகும்.

எனவே தொழில்நுட்ப வினாவுக்குத் தொழில்நுட்ப விடை உண்டு. மரையளவான விலங்குக்கு நடுத்தரக் குழல்விட்டம் போதும். குண்டு உடலினுள் உடைந்து சிதறாது ஆழச் செல்வதாய் இருத்தல் வேண்டும். குழல் பற்றையிற் சிக்காதவாறு குறுகியதாய் அமைதல் நன்று. பின்னுதைப்பை எண்ணிச் சுடுபவன் கண்ணை மூடும் அளவுக்குக் கருவி வலியதாய் இருத்தல் ஆகாது. அதற்கப்பால் எந்தக் குழல்விட்டமும் பற்றைக்கு மருந்தாகாது. வழி தெளிவாயிருந்தால் நடுத்தரக் கருவி போதும். வழி தெளிவற்றிருந்தால் எக்கருவியும் போதாது.

தொழில்நுட்பம் முடிவடையும் இவ்விடத்திலேயே அறவிசாரணை தொடங்குகின்றது. பற்றையை ஊடறுக்கும் குண்டை ஒருவன் ஏன் தேடுகின்றான்? விலங்கைத் தெளிவாகக் காணும் வரை காத்திருக்கவும், காணாவிடிற் சுடாது திரும்பவும் வேண்டும் எனும் கடமை அவனுக்குப் பாரமாக உள்ளது. அக்கடமையிலிருந்து தன்னை விடுவிக்கும் கருவியையே அவன் கடையிற் கேட்கின்றான். அவன் வாங்க விரும்புவது வலிமையன்று. காணாமலே செயலாற்றும் உரிமை. அத்தகைய உரிமையை எக்கருவியாலும் வழங்கவியலாது.

காணாது எய்தோர்

நமது நாட்டு மரபுகள் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தன. இராமகாதை முழுவதற்கும் அடிப்படையான துயரம் ஒரு வேட்டைத் தவறிலிருந்தே தொடங்குகின்றது. இருளில் நீர்நிலையருகே எழுந்த ஒலியை யானை நீருண்ணும் ஒலியெனக் கொண்டு தசரதன் அம்பெய்தான். அது கண்ணற்ற பெற்றோருக்கு நீர் முகந்த ஒரு முனிமகனின் குடத்தில் எழுந்த ஒலி. ஒலி வந்த திசையிற் குறி தவறாது எய்யும் வித்தையில் தசரதன் வல்லவன். அவ்வித்தையே அவனைக் கெடுத்தது. வித்தை இல்லாதவன் காணாத பொருளை எய்யத் துணியான்; காணாமலே எய்யவல்லேன் எனும் செருக்கே காணவேண்டும் எனும் கடமையை மறக்கச் செய்தது. அவனது அம்பு தவறவில்லை, அறிவு தவறியது.

மாபாரத மரபில் கண்ணனின் முடிவும் இவ்வாறானதே. மரத்தடியில் அமர்ந்திருந்தவனின் பாதத்தை மானெனக் கருதி ஒரு வேடன் எய்தான். அதே மரபிற் பாண்டுவின் கதை பிறிதொரு நுட்பத்தை உணர்த்துகின்றது. அவன் மானைக் கண்டே எய்தான். ஆயினும் அது இணையோடு கூடியிருந்த வேளையைக் கருதாமையாற் சாபமுற்றான். கண்ணாற் காணல் மாத்திரம் போதாது; எதன் வாழ்வில் எவ்வேளையிற் குறுக்கிடுகின்றோம் என்பதனையும் காணல் வேண்டும் என்பதே அதன் உட்பொருளாகும்.

இலங்கை வரலாற்று மரபிலும் பொருத்தமான நிகழ்ச்சியொன்று உண்டு. மகாவம்சத்தின் பதினான்காம் அத்தியாயத்தின்படி, மிகிந்தலை மலைப்புறத்தே வேட்டைக்குச் சென்ற தேவநம்பிய தீசன் புதரிடையே இரையெடுத்து நின்ற பெரிய மானொன்றைக் காண்கின்றான். உணராது நிற்கும் விலங்கை எய்தல் தகாதென எண்ணி அவன் வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்புகின்றான். மான் ஓடுகின்றது, அதனைத் தொடர்ந்த மன்னன் மகிந்த தேரரைச் சந்திக்கின்றான். இந்நாட்டிற் பௌத்தம் கால்கொண்ட கதை, எய்யப்படாத ஓர் அம்பிலிருந்து தொடங்குகின்றது. சமயச் சார்பின்றி நோக்கினும், ஆற்றலுடையவன் தன் ஆற்றலைத் தானே ஒரு கணம் நிறுத்திவைத்தமை அங்கு சிறப்பிக்கப்படுதல் தெளிவு.

வலிமையின் பெருமை

இதற்கு மாறான குரலும் தமிழிலக்கியத்தில் உண்டென்பதை மறைத்தல் நேர்மையாகாது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் வல்வில் ஓரியின் விற்றிறனைப் பாடுகின்றார். ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைக்கின்றது. பற்றையை ஊடறுக்கும் குண்டைத் தேடுவோனின் கனவு அங்கே செய்யுளாகியுள்ளது எனலாம். ஆயினும் அது கொடையாளி ஒருவனின் ஆற்றலைப் பாடும் புகழ்ச்சி. வேட்டை நெறியை வகுக்கும் விதியன்று. புலவரின் மிகையை வேடன் தன் தோட்டாவுக்கு அளவுகோலாகக் கொள்ளல் தகாது.

திருக்குறளின் படைச்செருக்கு எனும் அதிகாரமும் ஈண்டு நோக்கத்தக்கது. எளிய முயலிற் பட்ட அம்பினும் யானையைக் குறிவைத்துத் தவறிய வேலே வீரனுக்குப் பெருமை என்னும் கருத்து அங்கு உளது. போர்வீரனின் மனத்திட்பத்தைப் பேசுமிடத்து அது பொருத்தமே. எதிரே நிற்கும் யானையும் போர்யானை. தவறினால் இறப்பவன் எறிந்தவனே. காட்டிலோ நிலைமை வேறு. அங்கு பெரிய இலக்கை நோக்கித் தவறுதல் எறிந்தவனுக்குப் பெருமையாகலாம். ஏற்ற விலங்குக்கு அது அரைகுறைச் சாவு. வீரத்தின் அளவுகோலை வேட்டைக்குப் பொருத்துவோர் துன்பம் யாருடையது என்பதனை மறந்துவிடுகின்றனர்.

மூன்று மறுப்புக்கள்

இதுவரை கூறியவற்றுக்கு மூவகை மறுப்புக்கள் எழலாம்.

முதலாவது, கொல்லாமை நெறியினரின் மறுப்பு. கொலையே தீதாயிருக்க, நல்ல கருவி எது, தீய கருவி எதுவென ஆராய்தல் கள்வனுக்குச் சிறந்த திறவுகோல் எதுவென ஆராய்தல் போன்றதாம். இம்மறுப்பின் வலிமையை மறுத்தல் அரிது. வள்ளுவர் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் துறவறவியலில் வைத்து விதிவிலக்கின்றி வலியுறுத்தினார். உண்பாரின்றேல் விற்பாருமிலர் எனும் வாதத்தால் நகரத்தில் அமர்ந்து மரைவற்றலைச் சுவைப்பவனையும் அவர் பொறுப்பாளியாக்கினார். எனினும் முழுமையான அறத்தை ஏற்காத உலகில், குறைந்த தீமைக்கும் மிகுந்த தீமைக்கும் இடையே வேறுபாடு இல்லையெனக் கூறல், துன்புறும் விலங்கின் பக்கத்திலிருந்து நோக்கின் ஏற்புடையதாகாது. நெஞ்சிற் குண்டேந்தி உடனே வீழ்ந்த மரையும், தாடை உடைந்து பல நாள் பசியோடு அலைந்த மரையும் ஒரே அளவு துன்பம் உற்றன என எவரும் கூறார். விலங்கு சிந்திக்குமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா என 1789ஆம் ஆண்டிற் பெந்தம் எழுப்பிய கருத்து இங்கு பொருந்தும்.

இரண்டாவது, தேவையின்பாற்பட்ட மறுப்பு. பசித்தவனுக்கும், சேனைப்பயிரை இரவிரவாகக் காக்கும் உழவனுக்கும் தெளிவான காட்சிக்குக் காத்திருக்கும் வசதி ஏது என்பது இவர்கள் வாதம். இதுவும் அலட்சியஞ் செய்தற்குரியதன்று. ஒரு போகத்தின் உழைப்பு ஓரிரவில் அழிவதைக் கண்டவனுக்கு அறநூல் படித்துக் காட்டுதல் எளிது. அவனிடத்தில் நின்று அதனைக் கடைப்பிடித்தல் எளிதன்று. ஆனால் தேவை மிகுந்த வேட்டுவரே பொறுமையிலும் மிகுந்திருந்தனர் என்பதை வரலாறு காட்டுகின்றது. 1911ஆம் ஆண்டில் வேடர் பற்றிய விரிவான நூலை வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் போன்றோரின் ஆய்வுகளால், வேடரின் வேட்டைத்திறன் தொலைவிலிருந்து எய்வதிலன்று, ஓசையின்றி மிக அண்மையில் நெருங்குவதிலேயே தங்கியிருந்தது என அறியலாம். அவர்களது கருவி வலிமையற்றது. அதனாலேயே கண்ணும் காலும் காட்டறிவும் வளர்ந்தன. கருவி வலுப்பெறப் பெற அவ்வறிவு தேவையற்றதாகி மறைந்தது.

மூன்றாவது, திறனின்பாற்பட்ட மறுப்பு. மனிதன் அறிவால் உயர்ந்தவன். அவ்வறிவு படைத்த கருவியை முழுமையாகப் பயன்படுத்துவதில் தவறென்ன என்பது அது. ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்த்தேகா இ கசெத் 1940களில் வேட்டை பற்றி எழுதிய கட்டுரை இதற்கு விடை தருகின்றது. மனிதன் தன் மேன்மையை முழுதும் பயன்படுத்துவானாயின் வேட்டை என்பதே இல்லாது போகும். அது வெறும் அழித்தலாகும். விலங்குக்குத் தப்பும் வாய்ப்பை விட்டுவைத்துத் தன் ஆற்றலைத் தானே கட்டுப்படுத்தும்பொழுதே அது வேட்டையாகின்றது என்பது அவர் கருத்தின் சாரம். அவர் வேட்டையை நியாயப்படுத்தவே எழுதினார். ஆயினும் அந்நியாயம் கட்டுப்பாட்டின் மேலேயே கட்டப்பட்டது என்பது கருதத்தக்கது.

கண்ணற்ற துவக்கு

காணும் கடமையைக் கருவியிடம் ஒப்படைக்கும் போக்கு எங்கு சென்று முடியும்? அதற்கான விடையை வறள்வலயக் காடுகளே தந்துள்ளன. அங்கு 'கட்டுத்துவக்கு' எனும் பொறி உண்டு. பெரும்பாலும் உள்ளூரிற் செய்யப்பட்ட இடியன் துவக்கொன்றை விலங்கு செல்லும் தடத்தருகே தடிகளிற் கட்டி, விசையிலிருந்து ஒரு கம்பியையோ நூலையோ தடத்துக்குக் குறுக்கே இழுத்துவிடுவர். கட்டியவன் வீட்டில் உறங்குவான். கம்பியை இடறுவது பன்றியாயினும் மரையாயினும் சிறுத்தையாயினும் யானைக்கன்றாயினும் துவக்கு வெடிக்கும். தேனெடுக்கச் சென்ற மனிதனாயினும் வெடிக்கும்; விறகு பொறுக்கச் சென்ற பெண்ணாயினும் வெடிக்கும். உணவுப்பொருளினுள் வெடிமருந்தை மறைத்துவைக்கும் 'ஹக்கபட்டாஸ்' அதனினும் கொடியது. பன்றிக்கெனப் பற்றையில் இடப்பட்ட அதனைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் உண்ணவியலாது பட்டினியால் மடிந்துள்ளன.

பற்றையை ஊடறுக்கும் குண்டைத் தேடியவனும் கட்டுத்துவக்கைக் கட்டியவனும் ஒரே பாதையின் இரு கட்டங்களில் நிற்பவர்களே. முன்னவன் அரைகுறையாகக் கண்டதை எய்ய விரும்பினான். பின்னவன் காணவே வேண்டாமென முடிவு செய்தான். முன்னவன் தவறைத் தற்செயல் என்பான். பின்னவனோ தற்செயலையே கருவியாக்கிக்கொண்டான்.

இவ்விடத்தில் வேட்டை எனும் எல்லையைக் கடந்து நோக்குதல் தவிர்க்கவியலாதது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இந்நாட்டின் வடகிழக்குக் காடுகள் விலங்குகளுக்கு மாத்திரம் மறைவிடமாக இருக்கவில்லை. பற்றையில் எழுந்த ஓசை யாருடையது என்று அறியுமுன் விசையை அழுத்தும் மனப்பாங்கு, எப்பக்கத்தாரிடம் இருந்ததாயினும், தசரதனின் இரவை மீண்டும் மீண்டும் உண்டாக்கியது. நிலத்திற் புதைக்கப்பட்ட மிதிவெடி கட்டுத்துவக்கின் உடன்பிறப்பாகும். அதற்கும் கண்ணில்லை, போர்வீரனையும் பள்ளிச்சிறுவனையும் அது வேறுபடுத்தி அறியாது, போர் முடிந்தமையும் அதற்குத் தெரியாது. ஆட்களுக்கெதிரான மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. காணாது கொல்லும் கருவி, யாருடைய கையில் எந்நோக்கத்துக்காக இருப்பினும், கருவி என்ற அளவிலேயே தீயது எனும் கோட்பாட்டை உலகச் சட்டம் இவ்வகையில் ஏற்றுள்ளது. கருவித்தெரிவு அறத்துக்குப் புறம்பானது என்போருக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, கருவியின் வலிமை போதுமான அளவினதாய் இருத்தல் வேண்டும். குறைவும் கொடுமை, மிகையும் மயக்கம். இரண்டாவது, போதுமான வலிமைக்கு மேல் தேடப்படும் ஒவ்வொரு வலிமையும் எதனை ஈடுசெய்யத் தேடப்படுகின்றது என வினவுதல் வேண்டும். பொறுமையின்மையை, அறியாமையை, விலங்கை நெருங்கிக் காணும் துணிவின்மையை ஈடுசெய்யவே அது தேடப்படுமாயின் அத்தெரிவு அறவழுவாகும். மூன்றாவது, சுடாது திரும்புதலும் ஒரு தெரிவு. கருவியை நன்கு அறிந்தவனுக்கே அது இயலும். இவை துவக்கேந்தியவனுக்கு மாத்திரம் உரியன அல்ல. முழு விவரம் தெரியாது தீர்ப்பளிப்பவனுக்கும், ஓர் ஊரைக் காணாமலே அவ்வூருக்குத் திட்டம் வகுப்பவனுக்கும், ஒருவரை அறியாமலே அவர் பெயரைக் கெடுப்பவனுக்கும் உரியன.

திருகோணமலைப் பட்டினத்திலும் பிரெட்றிக் கோட்டையிலும் புள்ளிமான்கள் மனிதரிடையே அச்சமின்றி உலவுகின்றன. வீதியைக் கடக்கின்றன, கடைவாசலில் நிற்கின்றன. அவற்றை எவரும் சுடுவதில்லை. சட்டத்துக்கு அஞ்சியே சுடவில்லை என்பது முழு உண்மையாகாது. மானின் கண் தெரியும் தூரத்தில் நிற்பவனுக்கு அது இலக்காகத் தோன்றுவதில்லை; உயிராகவே தோன்றுகின்றது. காட்டிலுள்ள மரையும் அதே உயிருடையது. இடையே பற்றை நிற்கின்றது என்பதே வேறுபாடு. அன்புவழிபுரம் என ஊருக்குப் பெயரிட்டோர் இவ்வாதங்களை எண்ணியிருந்தனரோ இல்லையோ, அப்பெயர் சுட்டும் வழியில் முதலடி காணுதலேயாகும். காணாத ஒன்றினிடத்து அன்பு செலுத்துதல் அரிது; அதனை அழித்தலோ மிக எளிது. அவ்வெளிமையைப் பெருக்கித் தரும் கருவியை மறுத்தலே கருவித்தெரிவின் முதல் அறமாகும்.